குடி குறைந்தது, சோகம் கூடியது: அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றிய கணக்குகளைப் புரிந்துகொள்வது எப்படி?

1997-இல் அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம், அதாவது 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களிடம், கடந்த 30 நாளில் ஒரு நாளாவது சிகரெட் பிடித்ததுண்டா என்று கேட்டார்கள். 36.4 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 2021-இல் அதே கேள்விக்கு ஆமாம் சொன்னவர்கள் 3.8 சதவீதம்தான். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு பெரிய இறக்கம் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அதே சர்வேயில் இன்னொரு கேள்வியும் உண்டு. கடந்த 12 மாதத்தில், தொடர்ந்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ, ஏறக்குறைய தினமும், வழக்கமாகச் செய்கிற வேலைகளைக்கூட விட்டுவிடும் அளவுக்குச் சோகமாகவோ நம்பிக்கை இழந்தோ இருந்ததுண்டா? 2009-இல் 26.1 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 2021-இல் அது 42.3. 2023-இல் கொஞ்சம் இறங்கி 39.7.

இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அமெரிக்க இளைஞர்களைப் பற்றி, அதிலும் அங்கே கிராமப்புறத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றி, எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் பெரியவர்கள் இத்தனை வருடமாகப் பயந்தது முதல் கணக்கைப் பார்த்துத்தான். பையன் குடிக்கிறானா, பெண் யாரோடு சுற்றுகிறாள், பையில் சிகரெட் இருக்கிறதா. அந்தப் பயங்கள் பெரும்பாலும் குறைந்துவிட்டன. பிள்ளை ஒழுங்காகத்தான் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. அது நன்றாக இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இதைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக, அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். அபாய நடத்தை என்பது, உடனடியாகவோ பின்னாளிலோ உடம்புக்கும் உயிருக்கும் கேடு கொண்டுவரக்கூடிய செயல்கள்: சீட் பெல்ட் போடாமல் கார் ஓட்டுவது, குடித்தவர் ஓட்டும் காரில் ஏறுவது, புகையிலை, மது, கஞ்சா, பாதுகாப்பில்லாத உடலுறவு, சண்டை, ஆயுதம். நலவாழ்வு என்பது இதன் எதிர்ப்பக்கம் மட்டும் இல்லை. தூக்கம் சரியாக இருக்கிறதா, பள்ளியில் நம்மை மதிக்கிறார்களா, பேசுவதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவராவது உண்டா, வாழ்க்கையில் பிடிப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். குடிக்காத, புகைக்காத, முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கும் இந்த இரண்டாவது பட்டியலில் எதுவுமே இல்லாமல் போகலாம்.

இதையெல்லாம் அளக்கிற, மேலே சொன்ன கணக்குகள் வந்த பெரிய சர்வேக்குப் பெயர் இளையோர் அபாய நடத்தை சர்வே, ஆங்கிலச் சுருக்கத்தில் ஒய்.ஆர்.பி.எஸ். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1990-இல் இந்தக் கண்காணிப்பு ஏற்பாட்டை உருவாக்கியது, 1991-இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இது ஏன் தேவைப்பட்டது என்றால், அந்த வயதில் பிள்ளைகள் சாவது பெரும்பாலும் நோயால் இல்லை. வாகன விபத்து, மற்ற விபத்துகள், கொலை, தற்கொலை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்கள்தான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தால் செத்தவர்களும் அடிபட்டவர்களும் மட்டுமே தெரிவார்கள். அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அவர்களிடமே கேட்க வேண்டும். (இதே யோசனையை உலக சுகாதார நிறுவனமும் சி.டி.சி.யும் சேர்ந்து மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோயின. இந்தியாவில் 2007-இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடந்தது, இலங்கையில் 2008-இலும் 2016-இலும் நடந்தது. அதனால் இந்தக் கேள்விகளில் பல நம் பிள்ளைகளும் பதில் சொன்னவைதான்.)

நடப்பது இப்படி. ஒரு வகுப்பு நேரத்தை இதற்காக ஒதுக்குவார்கள். முன்பு தாள், இப்போது பல இடங்களில் டேப்லெட். பெயர் எழுத வேண்டாம், பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் போகும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பிள்ளை கலந்துகொள்ளாது. 2023-இல் தேசிய அளவில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

"பசங்க பொய்தானே சொல்வாங்க?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். சிலர் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வார்கள், சிலர் பயந்து மறைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஓரிடத்தில் சிகரெட்டே தொட்டதில்லை என்று சொல்லிவிட்டு இன்னோரிடத்தில் போன வாரம் பிடித்தேன் என்று எழுதினால், அந்த முரண்பட்ட பதில்களைக் கழித்துவிடுவார்கள். சில மாநிலங்களின் சர்வேக்களில், உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலுக்கு நடுவில் சொருகி வைப்பார்கள். அதைப் பயன்படுத்தியதாக டிக் அடித்தவரின் தாள் முழுவதையும் ஒதுக்கிவிடலாம். இவ்வளவு செய்த பிறகும் கொஞ்சம் பொய் தங்கத்தான் செய்யும். ஆனால் 1997-இல் பொய் சொன்ன அளவுக்கே 2021-இலும் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நம்பகமாகவே தெரியும். இந்த மாதிரி சர்வேயில் துல்லியமான எண்ணைவிட அது போகிற திசைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் கேட்ட பிள்ளைகளும் 2023-இல் கேட்ட பிள்ளைகளும் ஒரே ஆட்கள் இல்லை. அதனால் "இந்தப் பிள்ளைகள் மாறிவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது, அந்த வயதில் இருப்பவர்களின் நிலைமை மாறியிருக்கிறது என்றுதான் சொல்லலாம்.

சரி, இந்தக் கணக்குகளைக் கிராமப்புறத்துக்கு இறக்கிப் பார்க்க, கவுண்டி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். நம் ஊர் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணையான நிர்வாகப் பிரிவு அது. அமெரிக்காவில் 3,100-க்கும் மேல் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிக்குப் பக்கத்தில் மக்கள், சில கவுண்டிகளில் சில நூறு பேர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கர்களில் சுமார் 20 சதவீதம் பேர் கிராமப்புறத்தில் இருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தின் வட கோடியில் இருக்கும் அரூஸ்டுக் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் இரண்டு மாநிலங்களின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் இதைவிடக் குறைவுதான். அவ்வளவு பெரிய இடத்தில் 2020-இல் இருந்தவர்கள் 67,105 பேர், சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர்கூட இல்லை. 1960-இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் இருந்தார்கள். லைம்ஸ்டோன் ஊரில் இருந்த லோரிங் விமானப்படைத் தளம் 1994-இல் மூடப்பட்டது, உருளைக்கிழங்கு விவசாயத்தில் இயந்திரங்கள் வந்தன, படித்த பிள்ளைகள் தெற்கே போனார்கள். மெய்ன்காரர்கள் இதைப் பெயர் சொல்லக்கூட மாட்டார்கள், "கவுண்டி" என்றாலே இதுதான். இங்குள்ள பெரிய ஊர்களில் ஒன்றான பிரெஸ்க் ஐலிலிருந்து பாங்கர் நகருக்குச் சுமார் 250 கிலோமீட்டர், பனிக்காலத்தில் அந்தச் சாலையில் போவது லேசான விஷயமில்லை.

மெய்ன் மாநிலம் 2009-இலிருந்து தன் பள்ளிகளில் தனியாக ஒரு இளையோர் நல சர்வேயை ஒற்றைப்படை வருடங்களில் நடத்துகிறது, கவுண்டிவாரியாகவும் முடிவுகளை வெளியிடுகிறது. பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டிலும் இப்படித்தான். எல்லா மாநிலங்களிலும் இது கிடையாது. தேசிய சர்வேயில் வருகிற ஒரு எண்ணை வைத்து ஒரு குறிப்பிட்ட கிராமப்புறக் கவுண்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதால், இந்த மாதிரி உள்ளூர்க் கணக்குகள் உண்மையிலேயே பெரிய சொத்து.

ஆனால் இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இருக்கிறது. சின்ன எண்கள்.

ஒரு கிராமத்துப் பள்ளியின் 12-ஆம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 30 பிள்ளைகள். அதில் மூன்று பேர் போன மாதம் வேப், அதாவது இ-சிகரெட், பிடித்ததாக எழுதுகிறார்கள். 10 சதவீதம். இரண்டு வருடம் கழித்து அதே வகுப்பில் 28 பிள்ளைகள், அதில் ஐந்து பேர் ஆமாம் என்கிறார்கள். கிட்டத்தட்ட 18 சதவீதம். உள்ளூர்ப் பத்திரிகையில் "வேப் பழக்கம் இரு மடங்கை நெருங்குகிறது" என்று தலைப்பு வரும், பள்ளிக் குழுக் கூட்டத்தில் குரல்கள் உயரும். நடந்தது என்ன? இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். அந்த இருவரும் அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம், போன வருடம் வேறு ஊரிலிருந்து குடிவந்தவர்களாக இருக்கலாம். சர்வே நடந்த அன்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டிருந்தால்கூட அந்த எண் வேறாக இருந்திருக்கும். மூன்று ஆட்டம் மட்டுமே ஆடிய பேட்ஸ்மேனின் சராசரியைப் பார்த்து அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும், அணியை விட்டே விரட்டுவதும் எவ்வளவு அவசரமோ அவ்வளவு அவசரம் இது.

அதற்காகச் சின்ன ஊர்க் கணக்கே உதவாது என்று தூக்கிப்போட வேண்டாம். பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள், கவுண்டி முழுவதையும் ஒன்றாகப் பாருங்கள், ஒரே ஒரு சர்வேயோடு இன்னொன்றை ஒப்பிடாமல் நான்கு ஐந்து சர்வேக்களை வரிசையாகப் பாருங்கள். ஐந்து முறையும் ஒரே பக்கமாக ஏறினால் அது தற்செயல் இல்லை. அறிக்கையில் சில கட்டங்கள் காலியாக இருக்கும், அல்லது ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். பதில் சொன்னவர்கள் மிகக் குறைவாக இருந்தால் எண்ணை வெளியிட மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் "11-ஆம் வகுப்பு, பெண், ஆசிய வம்சாவளி" என்று மூன்று விவரம் போதும், யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். "வாழ்நாளில் எப்போதாவது", "கடந்த 12 மாதத்தில்", "கடந்த 30 நாளில்" மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். கல்யாண வீட்டில் மாமா ஊற்றிக்கொடுத்த ஒரு வாய் ஒயின் முதல் கணக்கில் வந்துவிடும், மூன்றாவதில் வராது. அப்புறம், கேள்வியையே மாற்றிவிட்டால் பழைய கோட்டோடு புதிய கோட்டை ஒட்ட முடியாது. ஒரே மூச்சில் அதிகமாகக் குடிப்பது என்றால் என்ன என்பதை 2017-இல் மாற்றினார்கள்: அதற்கு முன் எல்லோருக்கும் ஐந்து கிளாஸ், அதற்குப் பின் பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு ஐந்து. 2021 சர்வே கொரோனாவால் வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. அப்போது பதில் சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பள்ளியில் சேர்ந்தே சில வாரம்தான் ஆகியிருக்கும், முந்தைய சர்வேக்களின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைவிட அரை வருடம் இளையது. குடியும் புகையும் வயதோடு ஏறுகிறவை என்பதால் இந்த அரை வருடத்துக்கும் அர்த்தம் உண்டு.

பள்ளிக்கு வராத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். படிப்பை நிறுத்தியவர்கள், வீட்டிலேயே படிப்பவர்கள், அன்று மட்டம் போட்டவர்கள். அதிகக் கஷ்டத்தில் இருப்பவர்கள் அவர்களில்தான் அதிகம் இருக்கக்கூடும்.

எது இறங்கியது?

நாடு முழுவதற்குமான கணக்கில், கடந்த 30 நாளில் மது குடித்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 2011-இல் 39 சதவீதம், 2023-இல் 22. கஞ்சா 23-லிருந்து 17. எப்போதாவது உடலுறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 2013-இல் 47, 2023-இல் 32. குடித்தவர் ஓட்டிய காரில் ஏறியவர்கள் 1991-இல் 40 சதவீதம், 2019-இல் 17. பதின்வயதுப் பிரசவங்கள் 1991-இல் 15 முதல் 19 வயதுவரை உள்ள ஆயிரம் பெண்களுக்கு 61.8, 2023-இல் 13.1. இவை எல்லாமே நல்ல செய்திகள், இந்த இறக்கங்களுக்குப் பின்னால் எத்தனையோ ஆசிரியர்கள், நர்ஸுகள், பெற்றோர்களின் உழைப்பு இருக்கிறது.

இ-சிகரெட் கதை மட்டும் வேறு. அந்தக் கேள்வியே 2015-இல்தான் சேர்க்கப்பட்டது. அப்போது 24.1 சதவீதம், 2017-இல் 13.2 ஆக இறங்கியது, ஆபத்து போய்விட்டது என்று பலர் மூச்சுவிட்டார்கள், 2019-இல் 32.7 ஆக எகிறியது. பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஜூல் என்ற இ-சிகரெட் வந்த காலம் அது. வகுப்பிலேயே சட்டைக் கைக்குள் வைத்து இழுத்துவிடலாம், வாடை தெரியாது, மாம்பழ வாசனை வேறு. 2019 டிசம்பரில் புகையிலை வாங்கும் வயதை நாடு முழுவதும் 21 ஆக்கினார்கள், 2021-இல் 18 சதவீதமாக இறங்கியது. கீழே போகும் கோடு அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கிராமப்புறத்தில் இந்த இறக்கம் நகரத்தை விடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. மெல்லும் புகையிலை அங்கேதான் அதிகம், பதின்வயதுப் பிரசவமும் அங்கேதான் அதிகம். சாலை விஷயம் தனி. பேருந்து கிடையாது, பள்ளிக்கும் வேலைக்கும் விளையாட்டுக்கும் கார்தான், இருட்டில் மான் குறுக்கே ஓடும், அடிபட்டால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும். நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள்தான் கிராமப்புறத்தில் இருக்கிறார்கள், ஆனால் சாலை விபத்தில் சாகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் கிராமப்புறச் சாலைகளில் சாகிறார்கள். அதனால் ஒரு கிராமப்புறக் கவுண்டியின் அறிக்கை கையில் கிடைத்தால், கஞ்சா பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் சீட் பெல்ட் கேள்வியையும், வண்டி ஓட்டிக்கொண்டே மெசேஜ் அனுப்பும் கேள்வியையும் பார்க்கச் சொல்வேன்.

இன்னொரு கொடுமையான முரண்பாடு. போதைப்பொருள் பயன்படுத்தும் பிள்ளைகள் குறைந்த அதே காலத்தில், போதைப்பொருளால் சாகும் பிள்ளைகள் கூடினார்கள். 14 முதல் 18 வயதுக்குள் 2019-இல் 492 பேர், 2020-இல் 954 பேர். காரணம் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கை வலி மருந்து. வலி மாத்திரை மாதிரியும் பதற்றத்துக்கான மாத்திரை மாதிரியும் அச்சு அசலாகச் செய்த போலி மாத்திரைகளில் அதைக் கலந்து விற்றார்கள். நண்பன் கொடுத்தான் என்று ஒரே ஒரு மாத்திரை போட்ட பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை. எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதும், ஒருமுறை செய்தால் எவ்வளவு ஆபத்து என்பதும் இரண்டு தனிக் கணக்குகள். சர்வே முதலாவதை மட்டும்தான் சொல்லும்.

எது ஏறியது?

சோகம் பற்றிய அந்தக் கேள்வியை 1999-இலிருந்து கேட்கிறார்கள். முதல் பத்து வருடம் பெரிய மாற்றமே இல்லை, 28.3-லிருந்து 26.1-க்கு லேசாக இறங்கிக்கூட இருந்தது. ஏற்றம் 2011-இல் தொடங்குகிறது: 28.5, பிறகு இரண்டு முறை 29.9, 31.5, 2019-இல் 36.7, 2021-இல் 42.3. கொரோனாதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். கொரோனா வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் ஏறியாகிவிட்டது.

பெண் பிள்ளைகளின் கணக்கு மனதை வருத்துகிறது. 2021-இல் 57 சதவீதம், 2023-இல் 53 சதவீதம் பேர் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றார்கள். ஆண் பிள்ளைகளில் 29, 28. தன்பால் ஈர்ப்புள்ள, திருநர் பிள்ளைகளில் 2023-இல் சுமார் 65. தற்கொலையைப் பற்றித் தீவிரமாக யோசித்ததாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 2011-இல் 16 சதவீதம், 2021-இல் 22, 2023-இல் 20. ஆண் பிள்ளைகளின் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து அவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தற்கொலையில் உயிரிழப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். சொல்லாமல் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் பெரிய தூரம் உண்டு.

ஏன் இப்படி? போன் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். காலமும் பொருந்துகிறது, ஸ்மார்ட்போன் பிள்ளைகள் கைக்கு வந்ததும் இந்த ஏற்றமும் ஏறக்குறைய ஒரே நேரம். 2023-இல் 77 சதவீதம் பிள்ளைகள் ஒரு நாளில் பல தடவை சமூக ஊடகம் பார்ப்பதாகச் சொன்னார்கள், எட்டு மணி நேரத் தூக்கம் இல்லாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் எவ்வளவு பங்கு போனுக்கு, எவ்வளவு மற்றவற்றுக்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போனைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலும் பக்கத்து நண்பன் வீடு பத்து மைல் தள்ளி இருக்கும் ஊரில், பிடுங்கிய இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

கிராமப்புறத்தில் இதோடு இன்னும் சில விஷயங்கள் சேருகின்றன. 1996 முதல் 2010 வரையான சாவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், 10 முதல் 24 வயதுக்காரர்களின் தற்கொலை விகிதம் கிராமப்புறத்தில் நகரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு மடங்கு சோகமாக இருக்கிறார்கள் என்பது இதற்கு அர்த்தம் இல்லை. அதே சோகம் அங்கே உயிரைக் கொண்டுபோகும் வாய்ப்பு அதிகம் என்பதுதான். வேட்டை அங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி, வீட்டில் துப்பாக்கி இருக்கும். டாக்டர் தொலைவில் இருப்பார். அமெரிக்கக் கவுண்டிகளில் சுமார் 70 சதவீதத்தில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை என்று 2019-இல் வெளிவந்த ஒரு ஆய்வு சொன்னது. உள்ளூரில் ஒரு ஆலோசகர் இருந்தாலும், அவர் வாசலில் நிற்கும் வண்டி யாருடையது என்று ஊருக்கே தெரியும். உதவி கேட்டுப் போகும் பெண்ணின் அத்தையே அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கூச்சத்தை நகரத்தில் இருப்பவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள்.

ஊர் சேர்ந்தால் மாறுமா?

மெய்ன், வெர்மான்ட் சர்வேக்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. உன் ஊரில் இருப்பவர்களுக்கு நீ முக்கியமானவன் என்று உனக்குத் தோன்றுகிறதா? குடி, புகை, போதை எதையும் பற்றி இதில் இல்லை. ஆனால் இதற்கு ஆமாம் சொல்லும் பிள்ளைகளிடம் மற்ற அபாயங்கள் குறைவாகவே இருக்கின்றன. அரூஸ்டுக்கில் செப்டம்பர் கடைசியில் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிகளுக்குச் சில வாரம் விடுமுறை விடும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. பிள்ளைகள் அறுவடை இயந்திரத்தின் மேல் பெரியவர்களோடு வரிசையாக நின்று, ஓடும் பெல்ட்டில் வரும் கிழங்குகளுக்கு நடுவிலிருந்து கல்லையும் காய்ந்த கொடியையும் பொறுக்கிப் போடுவார்கள். குளிரில் விரல் விறைக்கும், வாரக் கடைசியில் கையில் சம்பளம் வரும். இப்போது இயந்திரங்களே பெரும்பாலான வேலையைச் செய்வதால் போகும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், சில பள்ளி நிர்வாகங்கள் அந்த விடுமுறையையே நிறுத்திவிட்டன. அதனால்தான் சோகம் கூடியது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை இல்லாவிட்டால் ஊரில் ஒரு வேலை நிற்கும் என்ற நிலை எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொரு கவுண்டியும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஊர் சேர்ந்து முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களான ஹாக்கின்ஸ், கேட்டலானோ இருவரும் உருவாக்கிய ஒரு முறையை அதில் சோதித்தார்கள். ஏழு மாநிலங்களில் 24 சிறு ஊர்களை எடுத்து, சீட்டுக் குலுக்கல் மாதிரிப் பாதி ஊர்களில் அதைச் செய்தார்கள், மீதியில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். முறை எளிமையானது. ஆசிரியர், போலீஸ் அதிகாரி, டாக்டர், பெற்றோர், கடைக்காரர் எல்லோரும் ஒரு குழுவாக உட்கார்ந்து தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சர்வேயைப் படிப்பார்கள். எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பாமல், மோசமாக இருக்கும் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு ஏற்கனவே சோதித்துப் பார்த்து வேலை செய்த திட்டங்களை மட்டும் கொண்டுவருவார்கள். சில வருடம் கழித்து எட்டாம் வகுப்பில் பார்த்தபோது, அந்த ஊர்களின் பிள்ளைகள் புதிதாகக் குடிக்கத் தொடங்குவது 32 சதவீதமும், புகைக்கத் தொடங்குவது 33 சதவீதமும் குறைவாக இருந்தது. 12-ஆம் வகுப்பில் திரும்பவும் பார்த்தார்கள். வாழ்நாளில் தொட்டதே இல்லை என்பவர்கள் அப்போதும் அந்த ஊர்களில்தான் அதிகம். ஆனால் போன மாதம் போதை எடுத்தவர்களின் அளவில் இரண்டு வகை ஊர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது தொடங்குவதைத் தள்ளிப்போடவும் தடுக்கவும் முடிகிறது, தொடங்கியவர்களை நிறுத்த வேறு உதவி வேண்டும்.

பெற்றோர் பலர் இந்த சர்வேயையே எதிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத நினைப்பைப் பிள்ளை மனதில் விதைத்துவிடுவோமோ என்ற பயம். பெற்ற மனதுக்கு வருகிற பயம்தான், ஆனால் சோதித்துப் பார்த்தாயிற்று. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 பிள்ளைகளை வைத்துச் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு முதல் சர்வேயிலேயே அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள், மீதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கனவே மன அழுத்தத்தில் இருந்த பிள்ளைகளுக்கும், முன்பு தற்கொலைக்கு முயன்ற பிள்ளைகளுக்கும் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்ததாகத் தெரிந்தது.

அதனால் சர்வே வரும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் நேரடியாகவே கேட்கலாம். சுற்றி வளைக்காமல், சாகணும்னு தோணுதா என்றே கேட்கலாம். ஆமாம் என்று பதில் வந்தால் திட்டாமல், அறிவுரை சொல்லாமல், பக்கத்திலேயே இருங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் துப்பாக்கியோ ஆபத்தான மருந்துகளோ இருந்தால் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கொஞ்ச காலத்துக்கு வீட்டை விட்டே வெளியேற்றிவிடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் 988 என்ற எண்ணுக்குப் பேசலாம், மெசேஜும் அனுப்பலாம், 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் அது இயங்குகிறது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் உதவி எண் 1926.